பழைய லாக்4ஜே நிரலை எஸ்எல்எஃப்4ஜேக்கு மாற்றுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

படிப்பு முடித்து காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தால், முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் யாரோ பல வருடம் முன்னால் எழுதிய ஜாவா மென்பொருளாகத்தான் இருக்கும். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையின் சரக்குக் கணக்கு, ஆம்பூர் காலணி ஏற்றுமதியாளரின் பில்லிங் என்று ஏதோ ஒன்று. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர் அனுப்பும் பாதுகாப்புக் கேள்வித்தாளில் "பழைய லாக்4ஜே இருக்கிறதா?" என்று ஒரு வரி இருக்கும். லாக்4ஜே என்பது மென்பொருளுக்குள் நடப்பதைக் கோப்பில் பதிவு செய்யும் ஒரு ஜாவா நூலகம், அந்தப் பதிவுதான் லாக். எஸ்எல்எஃப்4ஜே என்பது பின்னால் எந்த லாக் நூலகம் இருந்தாலும் நிரல் அழைக்கக்கூடிய பொது இடைமுகம். "அதை மாற்றிக் கொடுத்துவிடுப்பா" என்று உங்களிடம் தள்ளிவிடுவார்கள்.

இந்த வேலையில் நான் நிறையவே திண்டாடினேன். கருவிகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எந்த வரிசையில் செய்வது, யாரிடம் எதை முன்கூட்டியே வாங்கி வைப்பது, கருவி எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருந்தது. நிரலை மாற்றும் வேலையில் பெரும்பகுதியை ஓப்பன்ரீரைட் என்ற கருவி செய்துவிடுகிறது. லாக்கை நம்பி வேலை பார்க்கிறவர்களுக்கு எதுவும் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் பொறுப்பு. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

1. எது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

லாக்4ஜே 1 வரிசைக்கு 2015 ஆகஸ்டிலேயே ஆதரவு நின்றுவிட்டது. 2021 டிசம்பரில் உலகத்தையே ஆட்டிய லாக்4ஷெல் ஓட்டை லாக்4ஜே 2 வரிசையில் வந்தது. 1 வரிசையில் அந்த ஓட்டை கிடையாது. ஆனால் 1 வரிசைக்கென்று தனி ஓட்டைகள் உண்டு. சாக்கெட் சர்வர், ஜேஎம்எஸ் அப்பெண்டர், ஜேடிபிசி அப்பெண்டர் (அப்பெண்டர் என்பது லாக்கை ஓர் இடத்தில் எழுதும் பகுதி) இவற்றில் கண்டுபிடிக்கப்பட்டவை அந்த வரிசையில் திருத்தப்படாமலே இருக்கின்றன. கேள்வித்தாளை நிரப்பும்போது இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

மேவன் என்ற பில்ட் கருவி வைத்த புராஜெக்ட் என்றால் டிபெண்டென்சி ட்ரீ (எந்த நூலகம் எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) எடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். நீங்கள் நேரடியாகச் சேர்த்த லாக்4ஜே ஒரு வரிதான் இருக்கும்; ரிப்போர்ட் தயாரிக்கும் நூலகம் ஒன்றோ பழைய எக்செல் நூலகம் ஒன்றோ தன் பங்குக்கு இன்னொன்றை இழுத்து வந்திருக்கும். அப்புறம் சர்வரில் போய், ஜாவா மென்பொருளை ஓட்டும் டாம்கேட்டின் லிப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். மேவனுக்கே தெரியாமல் அங்கே யாரோ ஒரு ஜாரை (ஜாவா நூலகக் கோப்பு) போட்டு வைத்திருப்பது மிகச் சாதாரணம்.

ஆன்ட் என்ற பழைய கருவி வைத்து பில்ட் ஆகும் புராஜெக்ட் கையில் வந்தால், முதலில் அதற்கு ஒரு சின்ன பாம் கோப்பு (pom.xml, மேவனின் அமைப்புக் கோப்பு) எழுதி மேவனில் கம்பைல் ஆகும்படி செய்யுங்கள். ஓப்பன்ரீரைட்டின் செருகிகள் மேவனுக்கும் கிராடில் என்ற இன்னொரு பில்ட் கருவிக்கும்தான் இருக்கின்றன. ஜார் பெயரில் பதிப்பு எண் இல்லையென்றால் ஜாரின் உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

இதைத் தாண்டி ஓடாதீர்கள். நிரலைத் தொடும் முன்பே இவை உங்களிடம் இருக்க வேண்டும்.

சர்வரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற லாக்4ஜே கான்ஃபிக் கோப்பின் நகல். கிட்டில் (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) இருப்பது போதாது. ஏதோ ஒரு ராத்திரி பிரச்சினையைப் பார்க்க சர்வரிலேயே லாக் லெவலை (எவ்வளவு முக்கியமான செய்திகளை எழுதுவது என்ற அளவு) மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். உண்மை நிலவரம் சர்வரில்தான் இருக்கும்.

ஒரு முழு நாளின் லாக் கோப்பு, முடிந்தால் மாதக் கடைசி நாளுடையது. ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும்.

லாக்கை யார் யார் படிக்கிறார்கள் என்ற பட்டியல். மனிதர்கள் மட்டுமில்லை, ஸ்கிரிப்ட்களையும் சேருங்கள். சர்வரில் கிரான் பட்டியலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) திறந்து, லாக் கோப்பின் பெயர் எந்த எந்த ஸ்கிரிப்டில் வருகிறது என்று தேடுங்கள். லாக்கில் ஒரு குறிப்பிட்ட சொல் வந்தால் குறுஞ்செய்தி அனுப்புகிற ஸ்கிரிப்ட் ஒன்றாவது எங்கேயாவது இருக்கும்.

வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல். மின்னஞ்சல் போதும். எந்த நாளில் ஏற்றுவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, சரிவராவிட்டால் பழையதுக்குத் திரும்ப யார் முடிவெடுப்பது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். "போன்லயே சொல்லிட்டேனே" என்பதை நம்பி ஏற்றாதீர்கள்.

3. எதற்கு மாறப்போகிறோம்?

நிரலில் எஸ்எல்எஃப்4ஜேயை மட்டும் அழையுங்கள். பின்னால் லாக் எழுதுகிற எஞ்சின் லாக்பேக்காக இருக்கட்டும், லாக்4ஜே 2 ஆக இருக்கட்டும். நாளைக்கு எஞ்சினை மாற்ற வேண்டி வந்தால் நிரலைத் தொட வேண்டியிருக்காது. சின்ன நிறுவனத்துக்கு நான் லாக்பேக்கையே சொல்வேன், ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பிலும் அதுதான் இயல்பாக வருகிறது.

பதிப்புப் பொருத்தம்தான் புதியவர்களை அதிகம் மாட்டிவிடுகிற இடம். எஸ்எல்எஃப்4ஜே 1.7க்கு லாக்பேக் 1.2. எஸ்எல்எஃப்4ஜே 2க்கு லாக்பேக் 1.3 அல்லது அதற்கு மேல். ஜாவா 8இல் இருக்கிறீர்கள் என்றால் 1.3 வரைதான் போக முடியும், 1.4இலிருந்து ஜாவா 11 வேண்டும். எஸ்எல்எஃப்4ஜே 2ஐயும் லாக்பேக் 1.2ஐயும் சேர்த்துப் போட்டால் பில்ட் ஒழுங்காக முடியும், மென்பொருளும் ஓடும், லாக் மட்டும் ஒரு வரிகூட வராது. தொடக்கத்தில் கன்சோலில் "புரொவைடர் எதுவும் கிடைக்கவில்லை" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும், அதோடு சரி.

அவசரம், நாளைக்கே கேள்வித்தாளுக்குப் பதில் வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. லாக்4ஜே 1ஐ முதலில் எழுதிய செகி குல்ச்சுவே 2022 ஜனவரியில் ரீலோட்4ஜே என்று ஒன்றை வெளியிட்டார். பழைய ஜாரை எடுத்துவிட்டு இதைப் போட்டால் போதும், நிரலில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம், பழைய முக்கிய ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கும். இதைப் போட்டுவிட்டு நிதானமாக முழு மாற்றத்தைச் செய்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

4. கருவியை எடுக்கும் முன் பாலம் போடுங்கள்

லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே என்று ஒரு ஜார் இருக்கிறது. பழைய லாக்4ஜே வகுப்புகளின் அதே பெயர்களோடு வந்து, அழைப்புகளை எஸ்எல்எஃப்4ஜே பக்கம் திருப்பிவிடும். பழைய ஜாரை விலக்கிவிட்டு இதைச் சேர்த்தால் உங்கள் நிரல் பழையபடியே இருக்க, எஞ்சின் மட்டும் லாக்பேக்காகிவிடும். காமன்ஸ் லாகிங்குக்கும் ஜாவாவின் சொந்த லாகிங்குக்கும் இதே போலத் தனித்தனிப் பாலங்கள் உண்டு. வெளி நூலகங்களின் நிரலை நாம் மாற்ற முடியாது, அவற்றுக்கு இந்தப் பாலம் கடைசி வரை இருக்கும்.

பாலம் போட்டதும் எந்த எந்தக் கோப்பு கம்பைல் ஆகாமல் அடம்பிடிக்கிறது என்று குறித்து வையுங்கள். சொந்தமாக அப்பெண்டர் எழுதியிருக்கும் வகுப்புகள், ஓடும்போதே லெவலை மாற்றும் நிரல், கான்ஃபிகை நிரலிலேயே ஏற்றும் நிரல் இவற்றில் சில இங்கேயே முகத்தைக் காட்டும். சில கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது ஒன்றும் செய்யாமல் கிடக்கும், அவற்றைத் தேடிப் பிடித்து இதே பட்டியலில் சேருங்கள். கையால் செய்ய வேண்டிய வேலையின் அளவு இந்தப் பட்டியல்தான்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எல்எஃப்4ஜேயிலிருந்து லாக்4ஜே 1க்குப் போகிற எதிர்த்திசை ஜாரும் கிளாஸ்பாத்தில் இருந்தால், அழைப்பு இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று முடிவில்லாமல் சுற்றி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

5. ஓப்பன்ரீரைட்டை ஓட்டுவது

எடிட்டரில் தேடி மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். லாகர் என்ற பெயரில் லாக்4ஜேயிலும் ஒரு வகுப்பு, ஜாவாவின் சொந்த லாகிங்கிலும் ஒரு வகுப்பு. நட்சத்திரக் குறி போட்ட இம்போர்ட் இருந்தால் வெறும் எழுத்தை வைத்து எது எது என்று சொல்ல முடியாது. ஓப்பன்ரீரைட் நிரலை வகை விவரத்தோடு புரிந்துகொண்டு மாற்றுகிறது, உங்கள் இடைவெளி, கமெண்ட் எதையும் கலைப்பதில்லை. அதனாலேயே ஒரு நிபந்தனை: புராஜெக்ட் ஒழுங்காகக் கம்பைல் ஆக வேண்டும், 4ஆம் படியில் அடம்பிடித்த கோப்புகளை முதலில் கையால் சரிசெய்துவிடுங்கள். ஏதோ ஒரு டிபெண்டென்சி கிடைக்காமல் வகை தெரியாமல் போனால் அந்த இடத்தை அது சத்தமில்லாமல் விட்டுவிடும்.

முதலில் கிட்டில் தனி பிராஞ்ச். கமிட் ஆகாத மாற்றம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்புறம் ரீரைட் மேவன் செருகியின் ட்ரை ரன் கட்டளையைக் கொடுங்கள். பாம் கோப்பில் எதையும் சேர்க்காமல், ரெசிபியின் (எதை எப்படி மாற்றுவது என்ற குறிப்பு) பெயரையும் அது இருக்கும் தொகுப்பின் பெயரையும் கட்டளை வரியிலேயே கொடுக்க முடியும். லாகிங் ரெசிபிகள் தனித் தொகுப்பாக வருகின்றன. லாக்4ஜே 1 நிரலை எஸ்எல்எஃப்4ஜேக்கு மாற்றும் ரெசிபி அதில் இருக்கிறது. கிராடிலிலும் இதே மாதிரி ட்ரை ரன் உண்டு.

ட்ரை ரன் எந்தக் கோப்பையும் தொடாது. டார்கெட் ஃபோல்டருக்குள் ஒரு பேட்ச் கோப்பை எழுதி வைக்கும். அதை முழுசாக உட்கார்ந்து படியுங்கள். பார்க்க வேண்டியவை: இம்போர்ட் மாறியிருக்கிறதா, லாகரை உருவாக்கும் வரி லாகர்ஃபேக்டரிக்கு மாறியிருக்கிறதா, பாம் கோப்பில் என்ன சேர்ந்தது, என்ன போனது. லொம்பாக் (நிரலின் சில பகுதிகளைத் தானாக உருவாக்கும் நூலகம்) அனோட்டேஷன் மூலம் லாகர் வரும் வகுப்புகளைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க ஆசைப்படாதீர்கள். ஒரு மாட்யூலை எடுங்கள், ஓட்டுங்கள், கம்பைல் செய்யுங்கள், டெஸ்ட் ஓட்டுங்கள், கமிட் செய்யுங்கள். கூட்டல் குறி போட்டு ஒட்டிய செய்திகளை {} (வெற்று அடைப்புக்குறி) வடிவத்துக்கு மாற்றும் ரெசிபியை இதோடு கலக்காமல் தனி கமிட்டாக வையுங்கள். இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் உங்கள் சீனியர் அண்ணன் பேட்சைப் பார்த்துவிட்டு "சரி சரி, பார்த்துட்டேன்" என்று சொல்லிவிடுவார், ஆனால் படித்திருக்க மாட்டார்.

பெரிய புராஜெக்ட் என்றால் நினைவகம் தீர்ந்து நடுவிலே நின்றுவிடும். மேவனுக்கு ஹீப் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் ஓட்டத்தில் நிறைய ஜார்கள் இறங்கும், மொபைல் டேட்டாவை நம்பிச் செய்கிற வேலை இல்லை.

6. கருவி முடித்த பிறகு நீங்கள் பார்க்க வேண்டியவை

ஃபேட்டல் லெவல்: எஸ்எல்எஃப்4ஜேயில் இந்த லெவலே கிடையாது. கருவி அதை எர்ரர் ஆக்கிவிடும். நிரலைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் 2ஆம் படியில் கண்டுபிடித்த அந்த ஸ்கிரிப்ட் லாக்கில் "ஃபேட்டல்" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால், இனி ஒரு நாளும் அது குறுஞ்செய்தி அனுப்பாது. டேட்டாபேஸ் விழுந்துகிடக்கும், யாருக்கும் தெரியாது. இதற்கு மார்க்கர் என்ற வசதி இருக்கிறது: ஃபேட்டல் என்ற பெயரில் ஒரு மார்க்கர் உருவாக்கி, அதோடு எர்ரர் அழைப்பைக் கொடுத்து, லாக்பேக் பேட்டர்னில் மார்க்கருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அந்தச் சொல் லாக்கில் திரும்ப வந்துவிடும். எத்தனை ஃபேட்டல் அழைப்புகள் இருந்தன என்பதைக் கருவியை ஓட்டும் முன்பே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய பிறகு எது ஃபேட்டலாக இருந்தது என்று கிட்டைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

எக்செப்ஷனை மட்டும் கொடுத்த வரிகள்: லாக்4ஜே 1இல் எர்ரர் அழைப்புக்குள் வெறும் எக்செப்ஷனைப் போட்டால் அதன் பெயரும் செய்தியும் மட்டும் வரும், ஸ்டாக் ட்ரேஸ் வராது. எஸ்எல்எஃப்4ஜேயில் முதல் இடத்தில் ஸ்ட்ரிங்தான் வர வேண்டும். செய்தி ஒன்று, கடைசியில் எக்செப்ஷன் என்று எழுதினால் முழு ட்ரேஸும் கிடைக்கும். இது நல்ல மாற்றம்தான், ஆனால் லாக் கோப்பின் அளவு கூடும். கம்பைல் ஆகவில்லையே என்று அவசரத்தில் கெட்மெசேஜ் மட்டும் போட்டு வாயை அடைக்காதீர்கள். சில எக்செப்ஷன்களுக்கு அது வெறும் நல் (null, வெற்று மதிப்பு) என்றே வரும்.

எம்டிசி (பயனர் பெயர் போன்ற விவரத்தை ஒவ்வொரு லாக் வரியோடும் சேர்க்கும் வசதி): லாக்4ஜேயில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் போடலாம். எஸ்எல்எஃப்4ஜேயில் ஸ்ட்ரிங் மட்டும்.

{} வடிவம்: செய்தியை ஒட்டும் செலவை இது மிச்சப்படுத்தும். அடைப்புக்கு எதிரே நீங்கள் ஒரு மெத்தடை அழைத்திருந்தால், டீபக் லெவல் மூடியிருந்தாலும் அந்த மெத்தட் ஓடத்தான் செய்யும். டேட்டாபேஸைத் தொடுகிற மெத்தட் அங்கே இருந்தால், லெவலைச் சோதிக்கும் பழைய இஃப் வரியை எடுத்துவிடாதீர்கள்.

லாக் வரி வந்ததா என்று சோதிக்கும் டெஸ்ட்கள்: பழைய அப்பெண்டரை நம்பி எழுதப்பட்டிருக்கும். லாக்பேக்கில் லிஸ்ட்அப்பெண்டர் இருக்கிறது, அதை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

7. கான்ஃபிக் கோப்பைக் கையால் எழுதுங்கள்

ஜாவா நிரலுக்கான அந்த ரெசிபி உங்கள் லாக்4ஜே ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை லாக்பேக் எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தராது. ஒவ்வோர் அப்பெண்டராக எடுத்து எழுதுங்கள். லேஅவுட் இருந்த இடத்தில் என்கோடர் வரும். டெய்லி ரோலிங் அப்பெண்டருக்குப் பதிலாக ரோலிங் ஃபைல் அப்பெண்டர், அதற்குள் நேர அடிப்படையிலான பாலிசி.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திச் சொல்ல விரும்புவது. பழைய டெய்லி ரோலிங் அப்பெண்டர் எதையும் அழிக்காது. வருடக்கணக்கில் கோப்புகள் சேர்ந்துகொண்டே இருக்கும். லாக்பேக் உதாரணங்களில் மேக்ஸ்ஹிஸ்டரி என்று ஒரு வரி, பெரும்பாலும் 30 என்று இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் 30 நாளுக்கு முந்தைய லாக் தானாக அழிந்துபோகும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆக 180க்குக் குறையாமல் வையுங்கள். இந்த எண் நாளைக் குறிப்பதில்லை, சுழற்சியைக் குறிக்கிறது: மணிக்கொரு கோப்பாகச் சுழற்றினால் 180 என்பது 180 மணி நேரம், எட்டு நாள்கூட இல்லை. மொத்த அளவுக்கு உச்சவரம்பு போட்டாலும் நாள் கணக்கு பார்க்காமல் பழையதை அழித்துவிடும். பழைய கோப்புகளின் அதே பெயர் வடிவத்தைப் புதியதிலும் வைத்தால் அவையும் அழிக்கும் கணக்கில் சேரக்கூடும். அவற்றை முதலில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள்.

என்கோடரில் கேரக்டர் செட் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஜாவா 18க்கு முன்பு, எழுதாவிட்டால் சர்வரின் அமைப்பையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் சர்வரில் "குடியாத்தம் கிளை" என்ற வரி வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

கோப்பின் பெயரோ இடமோ தவறினால் லாக்பேக் புகார் செய்யாது. டீபக் லெவலில் எல்லாவற்றையும் கன்சோலில் கொட்ட ஆரம்பித்துவிடும். டாம்கேட்டின் கன்சோல் கோப்பு திடீரென்று வீங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

8. முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்

ஒரே வேலையைப் பழைய பில்டிலும் புதிய பில்டிலும் செய்யுங்கள்: ஒரு பில் போடுவது, ஒன்றை ரத்து செய்வது, வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் கொடுப்பது, டேட்டாபேஸை நிறுத்திவிட்டுச் சேமிக்க முயல்வது. இரண்டு லாக்கிலும் நேரத்தையும் த்ரெட் பெயரையும் நீக்கிவிட்டு டிஃப் எடுங்கள். லெவல் வாரியாக வரிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறியிருந்தால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் காரணப் பட்டியலையே வாடிக்கையாளருக்கான மாற்றக் குறிப்பாகக் கொடுத்துவிடலாம்.

9. செலவு

எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக், லாக்4ஜே 2 எதற்கும் காசு கிடையாது. ஓப்பன்ரீரைட்டின் மையப் பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. சில ரெசிபித் தொகுப்புகள் மாடர்ன் (Moderne) என்ற நிறுவனத்தின் தனி உரிமத்தில் வருகின்றன. நீங்கள் எடுக்கும் தொகுப்பின் உரிமக் கோப்பைப் படித்துவிட்டு நிறுவனத்தில் ஒருவரிடம் காட்டி வையுங்கள்.

தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் கவனிக்க: கருவி ஓடும் நேரத்தை வைத்து விலை சொல்லாதீர்கள். அது நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், பேட்ச் படிப்பதும் ஒப்பிடுவதும் நாள் கணக்கில் இழுக்கும். மாட்யூல், கான்ஃபிக் கோப்பு, சொந்த அப்பெண்டர் இவற்றின் எண்ணிக்கையை வைத்து விலை சொல்லுங்கள். 180 நாள் லாக்குக்கான வட்டு இடத்தை வாடிக்கையாளர் பக்கச் செலவாகத் தனியே எழுதுங்கள்.

10. எந்த நாளில் ஏற்றுவது

மாதம் மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. அந்தத் தேதிகளுக்கு முந்தைய நாட்களில் பில்லிங் மென்பொருளைத் தொடாதீர்கள், கணக்கர் ஐயா உங்களை மன்னிக்க மாட்டார். வார விடுமுறை எந்தக் கிழமை என்று கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வெள்ளிக்கிழமை விடுமுறை விடுகிற இடங்கள் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள், சர்வர் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தால் இது இன்னும் முக்கியம்.

பழைய வார் கோப்பையும் (டாம்கேட்டில் ஏற்றும் மென்பொருள் தொகுப்பு) பழைய கான்ஃபிகையும் சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஏற்றியதும் அந்தக் குறுஞ்செய்தி ஸ்கிரிப்டைச் சோதனையாக ஒரு தடவை தூண்டிப் பாருங்கள். நள்ளிரவு தாண்டிக் கோப்பு சுழன்றதா என்று மறுநாள் காலையில் பாருங்கள்.

ஒரு மாதக் கடைசி பிரச்சினையில்லாமல் போனதும் பாலத்துக்கு வாருங்கள். வெளி நூலகம் எதற்கும் தேவையில்லை என்று டிபெண்டென்சி ட்ரீ சொன்னால் அந்த ஜாரை எடுத்துவிடுங்கள். மேவன் என்ஃபோர்சர் செருகியில் தடைசெய்த டிபெண்டென்சிகளின் விதியைச் சேர்த்து லாக்4ஜே 1ஐ அதில் எழுதுங்கள். அடுத்த வருடம் யாராவது சேர்க்கும் புதிய நூலகம் அதைத் திரும்ப இழுத்து வந்தால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். கடைசியாக, மாற்றத்துக்குப் பிந்தைய டிபெண்டென்சி ட்ரீயைப் புதிதாக எடுத்துக் கேள்வித்தாளின் பதிலோடு இணைத்து அனுப்புங்கள்.